எட்டும் தூரம்: பசிபிக் போரில் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள்

நமது செஞ்சிக்கு வருவோர் இராஜகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை எப்படித்தான் பிடித்தார்களோ!" என்று வியப்பது வழக்கம். எளிதில் பிடித்துவிடவில்லை என்பதே அதற்கு விடை. முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை அவன் கைக்கு வந்ததோ 1698இல். பசியும் பணமும் சூழ்ச்சியும் அந்த முற்றுகையில் பங்கு கொண்டன என்பது உண்மையே. ஆயினும், ஏறத்தாழ 800 அடி உயரத்தில் நிற்பவனின் பீரங்கி கீழே நெடுந்தொலைவு எட்டும், கீழே நிற்பவனின் பீரங்கியோ மேலே எட்டாது என்னும் எளிய கணக்கு, அந்த எட்டு ஆண்டுகளிலும் வேலை செய்தது.

அதற்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பீரங்கிக்குச் சிறகு முளைத்தது. குன்றும் அகழியும் கடலும் காவல் என்று நம்பியிருந்த காலம் போயிற்று. எதிரியின் விமானம் எத்தனை கிலோமீட்டர் பறந்து வந்து, குண்டு போட்டுவிட்டு, எரிபொருள் தீருமுன் திரும்ப முடியும்? ஓர் ஊரின் தலைவிதியை இக்கேள்வி தீர்மானிக்கலாயிற்று. 1941 முதல் 1945 வரை நடந்த பசிபிக் போரில் இக்கேள்வியின் மறுபெயராக விளங்கியவை நடுத்தரக் குண்டுவீச்சு விமானங்கள் எனலாம்.

பசிபிக் போர் என்றதும் பெர்ல் துறைமுகம், ஹிரோஷிமா ஆகிய இரண்டோடு நம் பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது போன்ற ஓர் எண்ணம் மாணவரிடையே உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதைப் பினாங்கு, இரங்கூன், தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் வழியே காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுத்தரம் என்பது எது?

நான்கு எஞ்சின்கள் பூண்டு, ஆயிரக்கணக்கான கிலோ குண்டுகளைச் சுமப்பவை கனரகம். ஒன்றிரண்டு எஞ்சின்களுடன் சிறு சுமையைத் தூக்கிக்கொண்டு விரைபவை இலகுரகம். இரண்டுக்கும் இடைப்பட்டு, இரட்டை எஞ்சினும் ஐந்து முதல் ஏழு பேர் வரையிலான பணியாளரும் ஓரிரு டன் குண்டும் உடையவை நடுத்தரம். இது நேச நாட்டார் வகுத்த வகைப்பாடு. ஜப்பானியத் தரைப்படையோ தன்னுடைய கி-21 என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தைக் 'கனரகம்' என்றே அழைத்தது. ஜப்பானியக் கடற்படை தன்னுடையவற்றைத் 'தரைத்தளத் தாக்கு விமானம்' என்றது. தரையிலிருந்து கிளம்பிக் கடலில் உள்ள கப்பலைத் தாக்குவது என்பது அதன் பொருள்.

நேச நாட்டு வீரர்களுக்கு இந்த ஜப்பானியப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே 1942இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: போர் விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர். கடற்படையின் ஜி3எம் 'நெல்' ஆயிற்று. அதற்குப் பின் வந்த ஜி4எம் 'பெட்டி' ஆயிற்று. தரைப்படையின் கி-21 'சாலி' ஆயிற்று. ஊர்களை எரித்த எந்திரங்களுக்கு வீட்டுப் பெண்களின் பெயரைச் சூட்டியது எவ்வகை நகைச்சுவையோ தெரியவில்லை.

மிட்சுபிஷி நிறுவனம் செய்த ஜி3எம் முதன்முதலாகப் பறந்தது 1935இல். 1937 ஆகஸ்டில் அது தைவானிலிருந்தும் கியூஷுத் தீவிலிருந்தும் கிளம்பிக் கடல் தாண்டிச் சீன நகரங்களைத் தாக்கியபோது உலகம் திடுக்கிட்டது. அதே ஆண்டில் ஜப்பானியக் கடற்படை அடுத்த விமானத்துக்கான இலக்கணத்தை வகுத்தது. 800 கிலோ டார்பிடோவைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் பறக்க வேண்டும், ஆனால் எஞ்சின் இரண்டுக்கு மேல் கூடாது என்பது அதன் சாரம். கேட்டது ஏறத்தாழ நான்கு எஞ்சின் விமானத்தின் ஆற்றல். கொடுத்தது இரண்டு எஞ்சின். வடிவமைப்பாளர் என்ன செய்வார்? சிறகுகளையே எரிபொருள் தொட்டிகளாக்கினார். விமானியைக் காக்கும் கவசத் தகட்டை விட்டார். தொட்டிகளுக்குப் போட வேண்டிய பாதுகாப்பு உறையையும் விட்டார். எடை குறைந்தது; தூரம் கூடியது. 1939 அக்டோபரில் ஜி4எம் பறந்தது. இவ்வாறு விட்டவற்றுக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிங்கப்பூரில் விளக்கு எரிந்த இரவு

1941 டிசம்பர் 8 விடியுமுன் 17 ஜி3எம் விமானங்கள் சிங்கப்பூர் மீது குண்டு வீசின. அவை வந்தது சைகோன் பக்கத்துத் தளத்திலிருந்து. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து இரட்டை எஞ்சின் விமானங்கள் வந்து திரும்பும் என்று சிங்கப்பூரில் இருந்தோர் எதிர்பார்க்கவில்லை. விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோதும் நகரின் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டனர்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு அப்பால் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய பெரும் போர்க்கப்பல்களை ஜி3எம், ஜி4எம் விமானங்கள் சுமார் 85 சேர்ந்து தாக்கி மூழ்கடித்தன. மாண்ட மாலுமிகள் 840 பேர். ஜப்பானியர் இழந்த விமானங்கள் மூன்றே. கடலில் ஓடிக்கொண்டிருக்கும் பெரும் போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது உலகில் அதுவே முதன்முறை. 'கடலின் அரசி' என்று பாடப்பட்ட பிரிட்டனின் பெருமை இரண்டு மணி நேரச் சண்டையில் அடியில் போயிற்று. போர் வரலாறு எழுதுவோர் இந்நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். அதற்கு மறுநாள் நடந்ததைப் பற்றி எழுதியோர் குறைவு.

பினாங்கும் இரங்கூனும்

மறுநாள், டிசம்பர் 11. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம். தமிழர் காலங்காலமாகக் கப்பலேறிப் போய் இறங்கிய துறைமுகம் அது. சூலியா தெரு என்று தமிழ் முஸ்லிம் வணிகர் பெயரால் ஒரு தெருவும், தண்ணீர்மலை முருகன் கோயிலும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம்மவர் குடியிருப்புகளும் உள்ள ஊர். காலையில் வானத்தில் விமானங்கள் அணிவகுத்து வந்தன. மக்கள் பதுங்கவில்லை. தெருவுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். விமானத் தாக்குதல் என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. பதுங்கு குழிகளும் போதிய அளவில் இல்லை. நகரைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை. அந்தக் கூட்டத்தின் மீதுதான் ஜப்பானியத் தரைப்படையின் இரட்டை எஞ்சின் விமானங்கள் குண்டுகளை வீசின. மாண்டோர் ஆயிரத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பிணங்களை எடுக்க ஆளில்லாமல் நாட்கணக்கில் தெருவில் கிடந்தன.

அடுத்து நடந்ததே கசப்பானது. டிசம்பர் 16 நள்ளிரவை ஒட்டி, ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றி அழைத்துச் சென்றுவிட்டார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விடிந்து பார்த்தபோது ஆட்சி இல்லை, காவல் இல்லை. அப்போது முன்வந்தவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியர். அவர் தலைமையில் பல இனத்தாரும் கூடி ஒரு பணிக்குழு அமைத்தனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை அவரே இறக்கிவிட்டு வெள்ளைக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷார் போய்விட்டனர், இனிக் குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியே அறிவிக்கவும் செய்தார். குண்டுவீச்சு விமானத்துக்கு எதிராகப் பினாங்கு மக்கள் பயன்படுத்திய ஒரே ஆயுதம் அந்த வெள்ளைத் துணிதான்.

இரங்கூனுக்கு அந்தக் கதி டிசம்பர் 23 அன்று வந்தது. இம்முறை வந்தவை கி-21 விமானங்கள். 1931 மக்கள் தொகைக் கணக்கின்படி இரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்கரும் தமிழரும் ஒடியரும், கடைவீதிகளில் நம் செட்டிநாட்டாரும் இருந்தனர். அங்கேயும் மக்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். அங்கேயும் அதே முடிவு. முதல் நாளில் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடுவர். கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் வந்தன. இம்முறையும் முதல் முறையும் அமெரிக்கத் தொண்டர் படையின் விமானிகளும் பிரிட்டிஷ் விமானிகளும் எதிர்த்து நின்று பலவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் குண்டு விழுந்த பிறகு சுட்டு வீழ்த்தி என்ன பயன்? துறைமுகத் தொழிலாளர் ஓடிவிட்டனர். கப்பலில் இருந்து சரக்கு இறக்க ஆளில்லாமல் இரங்கூன் துறைமுகம் முடங்கிற்று.

ஓடியவர்கள் எங்கே போவார்கள்? சொந்த ஊருக்கு. கப்பல் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் நடந்து. அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்குக்கும், தாமு வழியாக இம்பாலுக்கும் 1942இன் முதற்பாதியில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். காலராவிலும் பசியிலும் மலேரியாவிலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இந்த நடைப் பயணத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்கு நேரடியாகப் பங்கில்லை என்று ஒருவர் வாதிடலாம். என் கருத்து வேறு. ஒரு விமானம் எத்தனை டன் குண்டு வீசியது என்று கணக்கிடுவோர், எத்தனை பேரை ஊரைவிட்டுப் பெயர்த்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் அந்த டிசம்பர் 23ஆம் நாளின் பட்டியல் மிக நீளும். தென்னார்க்காட்டு ஊர்களில் 'பர்மாக்காரர் வீடு', 'இரங்கூன் செட்டியார் கடை' என்ற பெயர்கள் வழங்கக் கேட்டிருப்போம். அந்த வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனதை நம் மாணவர்கள் இன்னும் எழுதிவைக்கவில்லை.

சென்னைக்கு எட்டுமா?

1942 மார்ச்சில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. சென்னையில் பீதி பரவியது. அரசாங்கமே மக்களை வெளியேறச் சொல்லிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குடும்பங்கள் சட்டி பானைகளோடு உள்நாட்டு ஊர்களை நோக்கிப் பெயர்ந்தன.

இந்தப் பீதிக்கு அடிப்படை உண்டா? வரலாற்று மாணவர் தேசப்படத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும். ஏப்ரலில் வந்தவை நடுத்தர விமானங்கள் அல்ல. விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய ஒற்றை எஞ்சின் விமானங்கள். அக்கப்பல்கள் ஏப்ரல் முடிவதற்குள் பசிபிக்குக்குத் திரும்பிவிட்டன. அதன் பின் சென்னையைத் தாக்க வேண்டுமானால் தரைத்தளத்திலிருந்துதான் வர வேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். போய்வர 2,720. ஜி4எம் விமானத்துக்கு விதித்த 3,700 கிலோமீட்டருக்குள் இது அடங்குகிறது! இரங்கூனில் இருந்து என்றால் போய்வர 3,500. அதுவும் விளிம்பில் எட்டும். ஆகவே சென்னை எட்டும் தூரத்துக்குள்தான் இருந்தது. பீதியடைந்தவர்கள் முட்டாள்கள் அல்லர்.

கல்கத்தாவுக்கு அவ்வாறே வந்தன. 1942 டிசம்பர் 20 இரவு முதல் கி-21 விமானங்கள் அந்நகரைத் தாக்கின. 1943 டிசம்பர் 5 அன்று பட்டப்பகலில் கிதர்பூர் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சென்னைக்கோ 1943 அக்டோபரில் ஓரிரவு ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து, துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. அதோடு சரி.

ஏன் வரவில்லை? சென்னையின் காவல் வலிமையால் அன்று. நம் கரையிலிருந்து எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சாலமன் தீவுகளில், அந்த விமானங்கள் எரிந்துகொண்டிருந்தன என்பதே காரணம்.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி வைத்திருந்த பிரிட்டிஷ் 11ஆம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒன்பது, போர் விமானத் துணையின்றிப் போய் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது குண்டு வீசின. குண்டுகள் கப்பலை ஒட்டிக் கடலில் விழுந்தன. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஆயினும் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அந்தக் கப்பற்படை மீது முதன்முதலாகக் குண்டு வீசியவர்கள் அவர்களே.

பால்மரமும் எரிபொருள் தொட்டியும்

இப்போது முன்னர் விட்ட இடத்துக்கு வருவோம். கவசமும் தொட்டி உறையும் இல்லாத ஜி4எம் என்னவாயிற்று?

1942 பிப்ரவரி 20 அன்று 'லெக்சிங்டன்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்க 17 ஜி4எம் விமானங்கள் ரபவுல் தளத்திலிருந்து சென்றன. திரும்பியவை இரண்டு. ஆகஸ்டு 8 அன்று குவாடல்கனால் தீவுக்கு அருகில் இருந்த கப்பல்களை நோக்கி 23 விமானங்கள் தாழப் பறந்து சென்றன. திரும்பியவை ஐந்தாறு. ரபவுலில் இருந்து குவாடல்கனாலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாள்தோறும் அந்தத் தொலைவு சென்று, நாள்தோறும் குறைந்து திரும்பினார்கள். ஒரு சில குண்டு சிறகில் பட்டாலே தீப்பற்றிக்கொண்டதால் அமெரிக்க வீரர்கள் அதனைச் 'சிகரெட் லைட்டர்' என்று கேலி செய்தனர். 1943 ஏப்ரல் 18 அன்று பெர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட அட்மிரல் யமமோட்டோவே பூகன்வில் தீவின் காட்டுக்கு மேல் ஒரு ஜி4எம் விமானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டார்.

அமெரிக்க விமானங்களுக்கு இந்தத் தொல்லை ஏன் அவ்வளவு இல்லை? தொட்டியைச் சுற்றி ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அதில் பதப்படுத்தாத இயற்கை ரப்பர் ஓர் அடுக்கு. குண்டு துளைத்தால் எரிபொருள் கசிந்து அந்த ரப்பரைத் தொடும். தொட்டதும் ரப்பர் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் சூட்சுமம். அந்த இயற்கை ரப்பர் போருக்கு முன் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? மலாயாவிலிருந்தும் டச்சு இந்தியத் தீவுகளிலிருந்தும். மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் யார்? நம்முடைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு போனவர்கள்.

ஆக, ஒரு முரணைக் காண்க. 1942இல் உலகின் ரப்பர் காடுகளில் மிகப் பெரும் பகுதி ஜப்பானியர் கையில். அதே ஜப்பானியரின் குண்டுவீச்சு விமானம் ஒரு விரற்கடை ரப்பர் இல்லாமல் எரிந்து விழுகிறது. ரப்பர் இல்லாமையால் அல்ல. அந்த எடையைச் சேர்த்தால் தூரம் குறையும் என்ற கணக்கால். விமானியின் உயிரைவிடத் தூரம் பெரிதாகத் தோன்றிற்று. முறையான பாதுகாப்பு உறை அந்த விமானத்தின் பிற்கால வகைக்கே, 1944இல்தான் கிடைத்தது. அதற்குள் பயிற்சி பெற்ற விமானிகள் தீர்ந்துபோயிருந்தனர்.

தோட்டத் தமிழருக்கோ வேலை போயிற்று. ரப்பரை வாங்குவார் இல்லை. பட்டினியில் கிடந்தவர்களை ஜப்பானியர் ஆசை காட்டியும் பிடித்திழுத்தும் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, அங்கே பல்லாயிரம் தமிழர் மண்ணுக்குள் போயிருந்தனர்.

தஞ்சாவூர் வெலிங்டன்கள்

நிற்க. நம் மாநிலத்துக்குள் வந்த நடுத்தர விமானங்களைப் பார்ப்போம். பிரிட்டிஷ் விமானப் படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் சிங்கப்பூரில் இருந்தது. அதனிடம் இருந்தவை 'வில்டபீஸ்ட்' என்ற பழைய இரட்டைத் தட்டுச் சிறகு விமானங்கள். 1942 ஜனவரி 26 அன்று எண்டாவ் கடற்கரையில் இறங்கிய ஜப்பானியரைத் தாக்க இவற்றைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள். இன்னொரு ஸ்குவாட்ரனோடு சேர்ந்து சென்றவற்றில் ஏறத்தாழ பாதி திரும்பவில்லை. எஞ்சியோர் ஜாவாவுக்குப் பின்வாங்கி, மார்ச்சில் அங்கேயே அழிந்தும் சிறைப்பட்டும் போனார்கள். ஸ்குவாட்ரன் என்ற பெயர் மட்டுமே மிஞ்சியது.

அந்தப் பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்த இடம் தஞ்சாவூர். 1942 அக்டோபரில் 36ஆம் ஸ்குவாட்ரன் அங்கே வெலிங்டன் விமானங்களோடு மறுபடி அமைக்கப்பட்டது. வெலிங்டன் ஒரு விந்தையான படைப்பு. பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியாளர், உலோகப் பட்டைகளைக் கூடை முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி உடலைச் செய்து, அதன் மேல் துணியைப் போர்த்தினார். கூடையில் ஓரிடத்தில் பிரம்பு அறுந்தாலும் கூடை நிற்பது போல, குண்டு துளைத்த வெலிங்டனும் வீடு வந்து சேரும். தஞ்சையிலிருந்தும், பின்னர் வங்காளத்திலிருந்தும், அவை வங்கக் கடலில் எதிரிக் கப்பலும் நீர்மூழ்கியும் தேடிப் பறந்தன. 1943 ஜூனில் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டன. பெரிய வெற்றி ஏதும் இங்கே அவற்றுக்கு இல்லை. காவல் காப்பவனுக்கு ஒன்றும் நடவாத இரவுதானே வெற்றி!

தஞ்சைத் தளம் அதன் பின் பல காலம் உறங்கியது. 2013இல் இந்திய விமானப் படையின் நிலையமாக முறையாகத் திறக்கப்பட்டு, 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களின் 222ஆம் ஸ்குவாட்ரன் அங்கே நிறுத்தப்பட்டது. இந்தியப் பெருங்கடலை எட்டும் தூரத்துக்காகவே அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். நமக்கு இன்னும் அருகில், செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், உளுந்தூர்ப்பேட்டை அருகிலும் அப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. திருச்சி நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது அதனை நினைத்துக்கொள்பவர் எத்தனை பேர்?

மூ ஆற்றுப் பாலம்

அமெரிக்க பி-25 விமானத்தின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. 1942 ஏப்ரல் 18 அன்று கர்னல் டூலிட்டில் தலைமையில் அவற்றுள் 16, கப்பலின் தளத்திலிருந்து எழும்பிப் போய் டோக்கியோவைத் தாக்கியதைப் பலரும் அறிவர். நான் சொல்ல விரும்புவது வேறொரு நிகழ்ச்சி.

பர்மாவில் ஜப்பானியரின் உயிர்நாடி ரயில் பாதை. அதன் பாலங்களைத் தகர்க்க இந்தியாவிலிருந்து பி-25 விமானங்கள் சென்றன. அவற்றுள் 490ஆம் ஸ்குவாட்ரன் இன்றைய பங்களாதேசத்தின் குர்மிடோலாவில் இருந்தது. உயரத்திலிருந்து வீசினால் குறி தப்புகிறது. பாலம் என்பது மேலிருந்து பார்த்தால் ஒரு நூல்தான். தாழப் பறந்து வீசினால் குண்டு தரையில் பட்டுத் துள்ளி, பாலத்தைத் தாண்டிப் போய் வெடிக்கிறது. மாதக்கணக்கில் முயன்றும் மூ ஆற்றுப் பாலம் அசையவில்லை. 1944 ஜனவரி முதல் நாள், மேஜர் ராபர்ட் எர்டின் தாழப் பறந்து வந்தபோது குறுக்கே ஒரு மரம் நின்றது. மோதாமலிருக்கச் சட்டென்று மூக்கை மேலே தூக்கி, உடனே தாழ்த்தி, அந்தக் கணத்தில் குண்டுகளை விட்டார். குண்டுகள் துள்ளவில்லை, சாய்வாக இறங்கிப் பாலத்தில் பாய்ந்தன. பாலத்தின் இரு கண்கள் சரிந்தன.

தற்செயலைத் தற்செயல் என்று விட்டுவிடாமல், அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து ஒரு முறையாக்கினார்கள். 'பர்மாப் பாலம் உடைப்பார்' என்ற பட்டப்பெயரும் பெற்றார்கள். உயரே பறந்து வீசுவதற்கென்று பிறந்த நடுத்தர விமானம், மரக்கிளை உரசும் உயரத்தில்தான் தன் தொழிலைக் கற்றுக்கொண்டது. 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில் ஜப்பானியரின் எட்டுச் சரக்குக் கப்பல்களும் மூழ்கியது அவ்வாறு தாழப் பறந்து தாக்கியதால்தான்.

இதிலும் ஒரு வருத்தம் கலந்திருக்கிறது. உடைந்த பாலங்களையும் பாதைகளையும் செப்பனிட நிறுத்தப்பட்டவர்கள் ஜப்பானியர் அல்லர், கைதிகளும் கூலிகளும்தாம். சயாம் பாதையை நான்கு எஞ்சின் விமானங்கள் தாக்கியபோது பாதையோர முகாம்களில் இருந்தோரும் மாண்டனர். குண்டு போட்டவர் நேச நாட்டார் என்பதால் கீழே இருந்த தமிழருக்கு அது நேசமாக விழவில்லை.

கடைசி இரு பயணங்கள்

1945 ஆகஸ்டு 15 அன்று ஜப்பான் பணிந்தது. அதன் பிறகு நடுத்தர விமானங்கள் இரண்டு பயணங்கள் மேற்கொண்டன. இரண்டும் வரலாற்றில் இடம்பெற்றன.

சைகோனில் இருந்து கிளம்பிய ஒரு கி-21, அதாவது இரங்கூனைத் தாக்கிய அதே வகை, நேதாஜி சுபாஷ் சந்திர போசை ஏற்றிக்கொண்டு ஆகஸ்டு 18 அன்று தைபேயில் இறங்கிப் புறப்பட்டது. எழும்பிய சில நொடிகளில் அது விழுந்து தீப்பற்றியது. நேதாஜி அதில் தீக்காயமுற்று மறைந்தார் என்பதை 1956இல் ஷா நவாஸ் குழுவும் 1974இல் கோஸ்லா ஆணையமும் ஏற்றன. பின்னர் வந்த முகர்ஜி ஆணையம் மறுத்தது. அம்மறுப்பை அரசு ஏற்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அவர் படையில் சேர்ந்த தமிழர் பலர் தம் இறுதிக் காலம் வரை அந்த மரணத்தை நம்பவில்லை.

மறுநாள், ஆகஸ்டு 19. வெள்ளை வண்ணம் பூசி, சிவப்பு வட்டத்துக்குப் பதிலாகப் பச்சைச் சிலுவை தீட்டிய இரண்டு ஜி4எம் விமானங்கள், பணிவு உடன்பாட்டுக்கான தூதுக்குழுவைச் சுமந்து ஒகினாவாவுக்கு அருகில் உள்ள ஈ தீவுக்குப் பறந்தன. துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். தூதர்கள் அங்கிருந்து அமெரிக்க விமானத்தில் மணிலா சென்று பேசி முடித்துத் திரும்பி வந்து, தம் வெள்ளை விமானத்தில் ஏறினார்கள். தூரத்துக்காகவே கவசத்தையும் ரப்பரையும் துறந்து பிறந்த அந்த விமானம், டோக்கியோ போய்ச் சேருமுன் எரிபொருள் தீர்ந்து, ஹமமத்சுவை அடுத்த கடற்கரை மணலில் இறங்கி நின்றது.